நான்காம் தாரம்

பதினான்காம் அத்தியாயம்: விசாரணை

வீரமலை என்பவன் தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் நகரில் பிறந்து, அங்கே காய்கறித் தோட்டம் வைத்துப் பிழைப்பவன் என்பதும், அவனுடைய மனைவியர் மருதாயி, அங்கம்மா இருவரும் அந்நாட்டிலேயே ஒருவர்பின் ஒருவராக மாண்டனர் என்பதும் சென்ற வாரங்களில் கூறப்பட்டன. தந்தையின் ஊரில் பெண் கொள்ளும் பொருட்டு அவன் திருச்சிராப்பள்ளிக்கு வந்தான். காட்டூருக்குக் கிழக்கேயுள்ள சிற்றூரில் வாழும் அவனுடைய தமக்கை பாப்பாயி, வள்ளிக்கண்ணு என்னும் இருபது வயதுப் பெண்ணை அவனுக்கெனப் பார்த்து வைத்திருந்தாள்.

மூன்றாவதாகத் தாலி ஏற்கும் பெண் நெடுநாள் வாழமாட்டாள் என்பது அப்பக்கத்துக் குடியானவர்களின் உறுதியான நம்பிக்கை. ஆகையால், முகூர்த்தத்துக்கு முன்பாக வீரமலை ஒரு வாழைமரத்துக்குத் தாலி கட்டினான். மரம் மூன்றாம் தாரம் ஆயிற்று. பாப்பாயி அரிவாளை எடுத்து அதனை அடியோடு சாய்த்தாள். மூன்றாம் தாரம் இறந்தாள். அதன் பின்னரே வள்ளிக்கண்ணுவின் கழுத்தில் தாலி ஏறியது. எனவே அவள் நான்காம் தாரம்.

இரண்டரை ஆண்டுகள் கடந்தன. காத்தாயி என்னும் பெண்குழந்தைக்கு இப்பொழுது ஒன்றரை வயது.

டர்பனில் குடியிருக்கும் உரிமை பெற்ற இந்தியன், தாய்நாட்டிலிருந்து ஒரே ஒரு மனைவியையும் அவள் பெற்ற குழந்தைகளையுமே அழைத்துச் செல்லலாம். இவளே அந்த மனைவி, வேறு மனைவி எவளும் உயிரோடு இல்லை என்று இங்குள்ள மாஜிஸ்திரேட் ஒருவர் விசாரித்துச் சான்று அளித்தல் வேண்டும். அன்றியும், மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பாதவன் தன் உரிமையையே இழப்பான். வீரமலைக்கு அந்த மூன்றாண்டு வருகிற ஆவணியில் முடிகிறது. பம்பாயிலிருந்து எட்டு நாளில் ஒரு கப்பல் புறப்படும். அதனை விட்டால் அடுத்த கப்பல் அவனைக் காலங்கடந்தே கரை சேர்க்கும்.

இந்நிலையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் விசாரணை வைக்கப்பட்டிருந்தது. அன்று மாலை வண்டிக்கே அவர்கள் சென்னை வழியாகப் பம்பாய்க்குப் புறப்படவேண்டும். தகரப் பெட்டியும் படுக்கையும் முதல் நாளே ரயில் ஜங்ஷனில் ஒப்படைக்கப்பட்டுவிட்டன.

*

ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் சௌரிராஜ ஐயங்காரின் வீடு இருந்தது. கலெக்டர் கச்சேரியில் முப்பது ஆண்டுகள் குமாஸ்தாவாக உழைத்து ஓய்வு பெற்ற அவர், கடல் கடந்து போவோருக்கு மனு எழுதிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தார். விடியற்காலையிலேயே வந்து நின்ற மூவரையும் அவர் வாசற்படியில் நின்றவாறே எதிர்கொண்டு, காகிதக் கட்டைப் பிரித்தார்.

“வீரமலை, வரிசையை நன்னாப் பார்த்துக்கோ. மேல உன்னோட டர்பன் பத்திரம். அதுக்குக் கீழே மருதாயி போன சர்டிபிகேட், அங்கம்மா போன சர்டிபிகேட். அப்புறம் கிராம முன்சீப் எழுதின கல்யாணச் சீட்டு, கொழந்தை பொறந்த பதிவு, அம்மை குத்தின சீட்டு, போட்டோ மூணு. கேட்ட காகிதத்தை மட்டும் எடுத்து நீட்டு. கட்டோட தூக்கிக் குடுத்துடாதே. கட்டைக் குடுத்தா அவா கேக்க நினைக்காத கேள்வியெல்லாம் அதுலேர்ந்து பொறக்கும்.”

“ஆகட்டும் சாமி.”

“இம்புட்டுக் காயிதமா?” என்றாள் பாப்பாயி. “எனக்குக் கலியாணம் ஆனப்ப ஒரு தட்டு வெத்தலபாக்கோட முடிஞ்சுது.”

“நீ மாட்டு வண்டில புக்காத்துக்குப் போனே. இவ கப்பல்ல போறா. கடல் பெரிசு, காகிதமும் பெரிசு” என்றார் ஐயங்கார். பின்னர்க் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு பேரையும் தனித்தனியா விசாரிப்பா. ஒருத்தர் சொல்றது மத்தவா காதுல விழாது. சொன்னதை அப்புறம் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒத்துப் பார்ப்பா. எங்கே, கல்யாணம் என்னிக்கு நடந்தது?”

“திங்கக்கெழமை” என்றான் வீரமலை.

“புதங்கெழமைங்க” என்றாள் வள்ளிக்கண்ணு.

ஐயங்கார் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். “பெருமாளே! வாசப்படி தாண்டறதுக்குள்ள ரெண்டு கல்யாணம் ஆயிடுத்து.”

“அவ சொல்றதுதான் சரி சாமி” என்று பாப்பாயி இடைமறித்தாள். “இவன் எந்தக் கலியாணத்த நெனச்சுக்கிட்டுச் சொல்றானோ!”

“புதன், புதன், புதன்” என்று வீரமலை தனக்குள் சொல்லிக்கொண்டான்.

“தாலி முடிச்சுப் போட்டது யாரு?”

“மொத முடிச்சு அவன். பாக்கி ரெண்டும் இந்தக் கைதான்” என்று பாப்பாயி தன் வலக்கையை நீட்டிக் காட்டினாள்.

“அதனாலதான் உன்னைச் சாட்சி போட்டிருக்கேன். நாத்தனார் முடிச்சுப் போட்டவ சொன்னா அதுக்கு மேல சாட்சி கிடையாது. வள்ளிக்கண்ணு, நீ கேட்டுக்கோ. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. வெக்கப்பட்டுண்டு ஏதாவது ஒண்ணை உளறி வைக்காதே. கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். ஆம்படையான் பேர் கேப்பா. வாயைத் திறந்து சொல்லணும், தெரியறதா?”

“சொல்லிப் பழகிட்டேன் சாமி. ஆட்டுக்குட்டி முன்னால நின்னு பத்துத் தடவ சொன்னேன்.”

“ஆடு என்ன சொல்லித்து?”

“ஒண்ணும் சொல்லலைங்க. தழையத் தின்னுச்சு.”

ஐயங்கார் சிரித்தார். மேலும் பல கேள்விகளைக் கேட்டுச் சரிபார்த்தார். ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக் காலையில், மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு நிற்கும் சுமங்கலியை மாண்டுபோன மனைவியரைப் பற்றிப் பேசவைத்தல் அமங்கலம் என்று அவர் கருதினார். மேலும், மனுவில் அவர் தம் கையாலேயே தெளிவாக எழுதியிருந்தார்: முன் மனைவியர் இருவர், இருவரும் இறந்தனர். காகிதத்தில் தெளிவாக உள்ளதை வாயால் வேறு கேட்பானேன்?

முப்பது ஆண்டுக் கச்சேரி அனுபவம் அவரைக் கைவிட்டது இந்த ஓர் இடத்திலேதான்.

*

காவிரிப் பாலத்தைக் கடந்து, குதிரைவண்டி ஐயங்காரையும் அவர்களையும் கண்டோன்மெண்டிலுள்ள கச்சேரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மனுதாரர்கள் தம்முள் பேசிக்கொள்ளாதவாறு டவாலிச் சேவகன் ஒருவன் அவர்களை வெவ்வேறு தூண்களின் அருகே உட்கார வைத்தான். குழந்தை வள்ளிக்கண்ணுவின் மடியில் உறங்கிப்போயிற்று.

முதலில் வீரமலை அழைக்கப்பட்டான். அரைமணி நேரத்துக்குப் பின் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். தூரத்திலிருந்தே வள்ளிக்கண்ணுவை நோக்கித் தலையை அசைத்தான். எல்லாம் நலமாகவே நடந்தது என்பது அதன் பொருள்.

பின்னர் அவள் உள்ளே சென்றாள்.

மேசைக்குப் பின்னால் டெபுடி கலெக்டர் அமர்ந்திருந்தார். நரைத்த மீசையும் அயர்ந்த கண்களும் உடைய தமிழர். அவர் கேட்பதையும் அவள் சொல்வதையும் பக்கத்திலிருந்த குமாஸ்தா உடனுக்குடன் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கடவுள் அறியச் சொல்வது சத்தியம் என்று அவளைச் சொல்லச் செய்தனர்.

“உன் புருஷன் பேர் என்னம்மா?”

“வீரமலைங்க.” ஆட்டுக்குட்டியை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

“கல்யாணம் என்ன கிழமை?”

“புதங்கெழமைங்க.”

கேள்விகள் ஒவ்வொன்றாக நடந்தன. எவ்விடத்திலும் அவள் தடுமாறவில்லை. குமாஸ்தா அடுத்த தாளை எடுத்தார்.

“உன் புருஷனுக்கு நீ எத்தனாவது தாரம்?”

“நாலாவதுங்க.”

அவள் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. மணமான நாள் முதல் பாப்பாயி அவளுக்குக் கற்பித்த பாடம் அது. யார் கேட்டாலும் நாலு என்று சொல், மூன்று என்னும் சொல்லை நாவால் தொடாதே, மனத்தாலும் நினையாதே. பிள்ளை பெற்ற வலியில்கூட அவள் அதனை மறக்கவில்லை.

குமாஸ்தாவின் பேனா அச்சொல்லை எழுதி முடித்த பின்னரே நின்றது.

டெபுடி கலெக்டர் மனுவை மறுபடியும் பார்த்தார். “ரெண்டு பேர் செத்துப்போனதாத்தானே இங்கே எழுதியிருக்கு? மூணாவது யாரு?”

“அது செத்துப்போச்சுங்க.”

“எப்போ?”

“எங் கலியாணத்தன்னிக்குக் காலையில.”

“அன்னிக்குக் காலையிலயா? எப்படிச் செத்தது?”

கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லவேண்டும் என்று ஐயங்கார் சொல்லியிருந்தார்.

“அருவாளால வெட்டுனாங்க.”

விசிறிக் கயிற்றை இழுப்பவன் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான்.

“யாரு வெட்டினது?”

“எங்க அண்ணிங்க. வெளிய தூணுகிட்ட ஒக்காந்திருக்காங்க.”

குமாஸ்தா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். டெபுடி கலெக்டர் கையமர்த்தி அவரை உட்காரச் செய்தார். சற்று நேரம் வள்ளிக்கண்ணுவின் முகத்தையே நோக்கியிருந்து, பின் மெல்லக் கேட்டார்.

“மரமாம்மா?”

“வாழைங்க” என்றாள் அவள். “பூவன்.”

குமாஸ்தா சிரித்தார். டெபுடி கலெக்டர் சிரிக்கவில்லை.

அவர் சேவகனை அனுப்பி வீரமலை, பாப்பாயி, ஐயங்கார் ஆகிய மூவரையும் உள்ளே வரவழைத்தார்.

“எனக்கு விளங்குது” என்றார் அவர். “எங்க பெரியப்பாவே வாழைக்குத் தாலி கட்டினவர்தான். ஆனா இதைப் படிக்கப்போறவன் நான் இல்லை. டர்பன் துறைமுகத்துல ஒரு வெள்ளைக்காரன் உக்காந்து படிப்பான். முன் தாரம் ரெண்டுன்னு மனு சொல்லுது, மூணுன்னு பெண்டாட்டி சொல்றா. ஒருத்தியை ஊர்ல மறைச்சு வச்சிருக்காங்கன்னு எழுதித் திருப்பி அனுப்பிடுவான். மரம்னு நான் விளக்கம் எழுதினா, அது என்னன்னு கேட்டு இன்னொரு கடிதம் போடுவான். அது வந்து, நான் பதில் எழுதிப் போய்ச் சேர, நாலு மாசம்.”

“திருத்த வழியில்லையா ஸார்?” என்று ஐயங்கார் கேட்டார். தாம் கேட்காமல் விட்ட கேள்வி எது என்று அவருக்கு இப்பொழுது விளங்கிவிட்டது.

“இருக்கு. நாலுங்குறதை அடிச்சு மூணுன்னு எழுதி, இந்தப் பொண்ணு அதுக்குப் பக்கத்துல ரேகை வைக்கணும். புருஷனும் முடிச்சுப் போட்ட சாட்சியும் அதையே தனித்தனியாச் சத்தியமாச் சொல்லணும். சட்டத்துக்கு மரம் மனைவி இல்லை. அதனால யாரும் பொய் சொன்னதாகாது. மூணு மணிக்குக் கூப்பிடுறேன். மூணு பேரும் ஒரே பதிலைச் சொன்னா இன்னிக்கே சான்று. இல்லாட்டி எனக்கு நாளையிலேர்ந்து ஊர் ஊராக் கணக்குப் பாக்குற ஜமாபந்தி முகாம். திரும்ப மூணு வாரம் ஆகும்.”

வெளியே வந்ததும் பாப்பாயி ஐயங்காரின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே நடந்து, சுற்றுச்சுவரின் ஓரத்திலிருந்த தூங்குமூஞ்சி மரத்தின் கீழ்ச் சென்று அமர்ந்தாள்.

*

“நான் சொல்லமாட்டேன்” என்றாள் பாப்பாயி.

வெயில் கொதித்தது. ஐயங்கார் குழந்தைக்குப் பால் வாங்கப் போயிருந்தார். வீரமலை நிழலுக்கு வராமல் வெயிலிலேயே நின்றான்.

“அண்ணி, அந்த ஐயாவே சொல்றாரு, பொய்யில்லன்னு.”

“அவருக்குச் சட்டம் தெரியும். எனக்கு அந்த மரம் தெரியும். தாலி கட்டுன மரத்த நான் வெட்டுறப்பக் கறை தெறிச்சு என் சேலையெல்லாம் ஆச்சு. எத்தனையோ தடவ வெளுத்துட்டேன், இன்னும் போவல. அத இல்லன்னு சொல்லச் சொல்றியா? அது இல்லன்னா அந்த எடத்துல யாரு நிக்கிறது? சொல்லு புள்ள, யாரு?”

“நான்தான்.”

“வாய மூடு!”

“நான்தான் அண்ணி. நான் மூணாவதா இருந்துட்டுப் போறேன்.”

பாப்பாயி அவளுடைய வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

“ஏண்டா தம்பி, நீ ஏன் மரம் மாதிரி நிக்கிற? அங்கம்மா எப்புடிச் செத்தான்னு இவளுக்குச் சொல்லியிருக்கியா?”

வீரமலை தன் காலடி மண்ணைப் பார்த்தவாறே பேசினான். “பிள்ள நோவு எடுத்து ரெண்டு நா கெடந்துச்சு. டாக்டர் வண்டி தோட்டத்துக்கு வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. பிள்ளையும் இல்ல.” “அக்கா, நான் வேணா தனியாப் போறேன். போயி, பின்னால கூப்புட்டுக்கிறேன்.”

“ராக்கம்மா புருசனும் அதத்தான் சொன்னாரு” என்றாள் வள்ளிக்கண்ணு.

ராக்கம்மாள் என்பவள் அவர்கள் தெருவிலேயே வாழ்பவள். அவளுடைய கணவன் பினாங்குக்குக் கப்பல் ஏறிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் கடிதம் வந்தது. இப்பொழுது அவள் பூ வைத்துக்கொண்டால் ஏன் வைத்தாய் என்பார்கள். வைக்காவிட்டால் ஏன் வைக்கவில்லை என்பார்கள். மணமானவளும் அல்லள், கைம்பெண்ணும் அல்லள்.

“எந் தம்பி அப்புடிப்பட்டவன் இல்ல” என்றாள் பாப்பாயி. ஆனால் அவளுடைய குரலில் முன்பிருந்த உறுதி குறைந்திருந்தது.

வள்ளிக்கண்ணு குழந்தையை அவளுடைய மடியில் இருத்தினாள். “அண்ணி, ஒங்க அப்பாரு கப்பல் ஏறுனப்ப ஒங்களுக்கு என்ன வயசு?”

பாப்பாயியின் பெற்றோர் டர்பன் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றபோது, ஐந்தாண்டில் திரும்பிவிடுவோம் என்று சொல்லி அவளை அத்தை வீட்டில் விட்டுச் சென்றனர். வீரமலை அங்கே பிறந்தான். பெற்றோர் அங்கேயே மடிந்தனர். தம்பி என்று ஒருவன் இருப்பதையே அவள் கடிதத்தின் மூலமாகத்தான் அறிந்தாள்.

“ஆறு” என்றாள் பாப்பாயி.

“அவங்க மொகம் ஞாபகம் இருக்கா?”

“ஏண்டி இப்புடிப் பண்ணுற?”

“காத்தாயிக்கு ஒண்ணர வயசு. அவளுக்கு அதுகூட இருக்காது.”

குழந்தை பாப்பாயியின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. அவள் அதனுடைய விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். நெடுநேரம் அதன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாமிகிட்ட என்னன்னு சொல்லுவேன்?” என்று கேட்டாள். அக்கேள்வி எவரை நோக்கியும் எழுப்பப்பட்டதன்று.

*

மூன்று மணிக்கு வீரமலையை அழைத்தனர். அவன் உள்ளே சென்ற வேகத்திலேயே திரும்பினான். “மூணுன்னு சொல்லிட்டேன்” என்றான். அவன் எவ்விதத் தயக்கமும் இன்றி அதைச் சொல்லிவிட்டு வந்தது வள்ளிக்கண்ணுவுக்குச் சற்று வியப்பை அளித்தது. மகிழ்ச்சியில் அவள் அதனை ஆராயவில்லை.

அடுத்து அவளை அழைத்தனர். குமாஸ்தா ஒரு சொல்லைக் கோடிட்டு அடித்து அதன் மேல் வேறொன்றை எழுதினார். அவளுடைய இடக்கைப் பெருவிரலில் மை தடவி அதன் அருகே அழுத்தினார்.

“வாயாலயும் சொல்லணும்” என்றார் டெபுடி கலெக்டர்.

“மூணாவது தாரங்க” என்றாள். சொல்லி முடித்ததும் காதுகள் அடைத்துக்கொண்டதுபோல இருந்தது. ஒன்றும் நேரவில்லை. விசிறி ஆடிக்கொண்டே இருந்தது.

கடைசியாகப் பாப்பாயி நின்றாள். சாட்சி சொல்லும்போது மற்றவர்கள் அங்கே இருத்தலாகாது எனினும், திறந்திருந்த கதவின் வழியாக அவளுடைய முதுகை வள்ளிக்கண்ணு காண முடிந்தது.

“ரெண்டு முடிச்சுப் போட்டது நீதானே? இந்தப் பொண்ணு உன் தம்பிக்கு எத்தனாவது தாரம்?”

பாப்பாயியின் உதடுகள் அசைந்தன போலும். ஒலி வரவில்லை.

“சத்தமாச் சொல்லும்மா. எழுதணும்.”

“மூணு!” என்று அவள் கத்தினாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தனர். “மூணு, மூணு, போதுமா? எழுதிக்கிட்டீங்களா?”

வெளியே வந்தவள் நிற்கவில்லை. வள்ளிக்கண்ணு அவளுடைய காலைத் தொட்டு வணங்கக் குனிந்தபோது பின்வாங்கினாள்.

“என்னத் தொடாத புள்ள. ஒம் மொகத்தப் பாக்க என்னால ஆவாது.” குழந்தையின் தலையை மட்டும் ஒருமுறை தடவினாள். பிறகு தன் ஊர்த் திசையில் அரியமங்கலம் செல்லும் சாலை வழியே, வண்டிக்கும் காத்திராமல், வெயிலில் நடந்துபோனாள்.

சான்றில் முத்திரை விழுந்தது. ஐயங்கார் அதை இருமுறை படித்து, நான்காக மடித்து, வள்ளிக்கண்ணுவின் கையிலேயே கொடுத்தார். “பத்திரம். இதை எண்ணெய்க் கையால தொடாதே, மடிப்பை மாத்தாதே. துறைமுகத்துல காகிதம் கிழிஞ்சிருந்தா அதுக்கும் ஒரு கேள்வி கேப்பா” என்றார். பின்னர்க் கை கூப்பினார். தம்மினும் இளையவளாகிய ஒரு குடியானவப் பெண்ணை அவர் கை கூப்பி வணங்கியதை அக்கச்சேரி அதுவரை கண்டதில்லை.

*

ஜங்ஷனில் மாலை வண்டிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

வீரமலை பயணச்சீட்டு வாங்கச் சென்றிருந்தான். வள்ளிக்கண்ணு தகரப் பெட்டியின் மீது அமர்ந்து குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். சான்று அவளுடைய ரவிக்கைக்குள் இருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் அது சரசரத்தது.

திரும்பி வந்தவன் பெட்டிக்குச் சற்று அப்பாலேயே நின்றான். கச்சேரியிலிருந்து புறப்பட்டது முதல் அவன் அவளருகே வரவில்லை என்பதை அவள் அப்பொழுதுதான் உணர்ந்தாள். குதிரைவண்டியிலும் முன்புறம் வண்டிக்காரனுடனேயே உட்கார்ந்து வந்தான்.

“டிக்கெட்டு எங்க?”

அவன் மூடிய கையைத் திறக்கவில்லை.

“காட்டுங்க.”

அவளே எழுந்து அவனுடைய விரல்களைப் பிரித்தாள். ஒரே ஒரு சீட்டு இருந்தது.

“பேப்பர் கைக்கு வந்துடுச்சில்ல” என்றான் வீரமலை. அவன் அவளுடைய தோளுக்கு மேலே தெரிந்த சுவரைப் பார்த்துப் பேசினான். “அது இருக்கட்டும். ரெண்டு மூணு வருசம் போவட்டும். அக்கா கோயில் கோயிலாப் போயி ஏதாச்சும் பரிகாரம் பண்ணும். அப்பறமா நீ வா. இப்ப வேணாம், வள்ளி.”

“இத முடிவு பண்ணிட்டுத்தான் உள்ள போயி மூணுன்னு சொன்னீங்களா?”

அவன் அந்தச் சீட்டை மறுபடியும் கைக்குள் மூடிக்கொண்டான். அதுவே விடை.

“அங்க வீட்டுப் பின்னாடி ரெண்டு குழி வெட்டியிருக்கேன் வள்ளி. என் கையால வெட்டுனது. இன்னொண்ணு என்னால முடியாது.”

அவன் பொய் சொல்லவில்லை. ராக்கம்மாளின் கணவனைப்போல் அவளை மறக்கவும் கருதவில்லை. அவளை உயிரோடு வைத்திருக்க எண்ணியே விட்டுப்போக எண்ணினான். ஆனால் விடப்படுகிறவளுக்கு இவ்விரண்டும் ஒன்றே.

வள்ளிக்கண்ணு அழவில்லை.

“மருதாயி அக்கா எத்தனாவது தாரம்?”

“என்ன கேள்வி இது? மொத.”

“அங்கம்மா அக்கா?”

“ரெண்டாவது.”

“அவங்க ரெண்டு பேரு கணக்கும் சரியாத்தானே இருந்துச்சு. யாரும் அவங்கள மூணுன்னு சொல்லலயே. அப்பறம் ஏன் செத்தாங்க?”

இருபது ஆண்டுகளாக எவரும் அவனிடம் கேட்டிராத கேள்வி அது. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“டாக்டர் வண்டி வரலன்னு நீங்கதான சொன்னீங்க” என்றாள் அவள். “போனதும் டாக்டர் இருக்குற எடத்துக்குப் பக்கத்துல ஒரு வீடு பாருங்க. தோட்டத்துக்கு நீங்க நடந்து போங்க.”

அவள் குழந்தையைத் தூக்கி அவனுடைய கைகளில் வைத்தாள். அவனுடைய சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பணப்பையை எடுத்தாள். மணமாகி இரண்டரை ஆண்டுகளில் அவள் அவ்வாறு செய்தது அதுவே முதல் முறை. தகரப் பெட்டியையோ அவனையோ திரும்பிப் பாராமல் பயணச்சீட்டு கொடுக்கும் சாளரத்தை நோக்கி நடந்தாள்.

அங்கே நீண்ட வரிசை நின்றது. எல்லோரும் ஆண்கள். அவள் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“பொம்பள ஏம்மா நிக்கிற? ஆம்பள யாரும் கூட வரலியா?” என்று முன்னால் நின்றவர் கேட்டார்.

“வந்திருக்காங்க. குழந்தைய வச்சிருக்காங்க.”

பின்னால் காத்தாயி அழத் தொடங்கினாள். அழுகை நின்ற இடத்திலேயே இருக்கிறதா, நகர்ந்து போகிறதா என்று வள்ளிக்கண்ணு செவி கொடுத்துக் கேட்டாள். கூட்டத்தின் இரைச்சலில் தெளிவாக அறிய முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் வரிசையில் இடம் போய்விடும்.

வண்டி வருவதற்கு அடையாளமாகக் கைகாட்டி மரம் இறங்கியது. சாளரத்துக்கும் அவளுக்கும் இடையே இன்னும் அறுவர் நின்றனர்.